பெட்டிக்குத் தனி டாக்ஸி

அத்தியாயம் 4

இன்ஸ்பெக்டர் லக்ஷ்மிநாராயணன் சிரித்து முடிக்கும்வரை கெசியா காத்திருந்தார்.

லோகுவும் காத்திருந்தான். அவனுக்கு அது சிரமம். வாயைத் திறந்தால் ஏதாவது வந்து விழும் என்பதால் போலீஸ் ஸ்டேஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். காணாமல் போனவர்களின் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. பசை காயாத படம் சரிதாவுடையது. வயது இருபத்தொன்பது. ஒல்லியான உடல். மாடம்பாக்கம். வெள்ளிக்கிழமை விடிகாலையிலிருந்து காணவில்லை. இன்று செவ்வாய்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொண்டாட்டி புருஷன்கூட கார்ல வருவாங்க. அவங்க பெட்டி மட்டும் தனியா டாக்ஸியில வரும். ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரே ரயில்வே ஸ்டேஷனுக்கு."

"மகேஷ் அப்படித்தான் சொல்றான்."

"ஒரு கோடி ரூபா கார். அதுக்குப் பின்னாடி பெட்டிக்கு ஒரு டாக்ஸி. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கதை கேட்டதில்லை."

கெசியா இருபது வருடம் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, வண்டி பொய் சொல்லாது என்ற முடிவுக்கு வந்தவர். இப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, உதவிக்கு லோகு.

சரிதாவின் கணவன் ஹேமநாத்தின் வாக்குமூலம் மேஜைமேல் இருந்தது. அதில் சிக்கல் எதுவும் இல்லை. வெள்ளி விடிகாலை ஐந்து மணிக்கு மனைவியையும் பெட்டியையும் தன் காரில் ஏற்றினான். தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே, மேம்பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டான். திருச்சியில் அம்மா வீடு. மூன்று நாளில் திரும்புவதாகச் சொன்னாள். அதன்பிறகு போன் அணைந்தே கிடக்கிறது. ரயிலில் அவள் இடம் காலியாகவே போயிருக்கிறது. அவள் கடைசியாகப் போனில் பேசியது மகேஷ் என்ற டாக்ஸி டிரைவரிடம், நாலரை மணிக்கு. நேற்று மாலை போலீஸ் மகேஷின் டாக்ஸி டிக்கியைத் திறந்தது. உள்ளே சரிதாவின் பெட்டி. மகேஷ் லாக்கப்பில்.

"கேமரா இருக்கு மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "அவங்க குடியிருப்போட மெயின் கேட்ல. அஞ்சு மணி ஏழு நிமிஷத்துக்கு கார் வெளியே போகுது. மேல் டாப்பைத் திறந்து போட்டிருக்கார். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கிறது பளிச்சுனு தெரியுது. அதாவது அந்தம்மா வீட்டை விட்டுக் கிளம்பிட்டாங்க. ஸ்டேஷன் வாசல்ல மகேஷ் முன்னாடியே பேசிவெச்ச மாதிரி நின்னிருக்கான். ரயில் லேட்டு, நானே கொண்டுபோய் விடறேன்னு ஏதோ சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்கான். எங்கே கொண்டுபோனான்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறான்."

"பெட்டியைத் திறந்து பார்த்தீங்களா?"

"துணி. செருப்பு. படிச்ச சர்டிபிகேட் எல்லாம் ஒரு ஃபைல்ல."

"மூணு நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போறவ சர்டிபிகேட் எடுத்துட்டுப் போவாளா சார்?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவனை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அதுக்கப்புறம் உள்ளே போயிடுவான். கொலைக் கேஸ். நீங்க என்னதான் சொல்ல வர்றீங்க?"

"அந்த ஸ்போர்ட்ஸ் கார்ல ரெண்டு சீட்டுதான். பின்சீட் கிடையாது. அவ்வளவு பெரிய பெட்டி அதோட டிக்கியில போகாதுன்னா, உங்க கேஸ்ல மிச்சம் என்ன இருக்கு?"

இன்ஸ்பெக்டர் சற்று யோசித்தார். "அந்தப் பெட்டிக்கு ஜோடி ஒண்ணு அவர் வீட்டுல இருக்கு. செட்டா வாங்கினது. ரெண்டு மணிக்கு அங்கே போறேன், கையெழுத்து வாங்க. நீங்களும் வாங்க. வெச்சுப் பார்த்துடலாம். போச்சுன்னா பேசாம கிளம்பிடணும்."

வெளியே படிக்கட்டில் முத்தாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். மகேஷின் அம்மா. பக்கத்தில் காலி மீன் கூடை. லோகுவின் குப்பத்தைச் சேர்ந்தவள். கேஸை லோகுவிடம் கொண்டுவந்தது அவள்தான்.

"இன்னாடா சொல்றாரு?"

"சிரிக்கிறாரு அத்த."

"சிரிக்கிறதுக்கு இன்னா கீது இதுல?"

கெசியா அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். "பெட்டி தனியா வர்ற விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்க மீன் குடுக்கறவ மேடம். மெயின் கேட்ல எங்களை வுட மாட்டானுங்க. பின்னாடி ஒரு சின்ன கேட் கீது, அந்தப் பொண்ணு வூட்டாண்ட. அங்கதான் வந்து வாங்கும். அந்த வண்டியில இன்னா புடிக்கும் சொல்லு. தண்ணி கேனு வாங்குனா பக்கத்து சீட்டுல கேனுதான் குந்தும், பெல்ட்டு போட்டுகினு. பெல்ட்டு போடலன்னா வண்டி கத்திகினே இருக்குமாம். கேனு வர்ற அன்னிக்கு அந்தப் பொண்ணு பஸ்ல வரும். அதுவே சொல்லி அதுவே சிரிக்கும்."

"ஊருக்குப் போனா?"

"டிக்கி கீறிப்பூடும்னு பெட்டிய அந்த ஆளு ஏத்த வுட மாட்டான். அந்தச் சின்ன கேட்டாண்ட என் புள்ளைகிட்ட குடுத்துடும். அவன் ஸ்டேஷன்ல கொண்டு போய் நிப்பான். புருஷனும் பொண்டாட்டியும் கார்ல வந்து வாங்கிப்பாங்க. மெயின் கேட்ல டாக்ஸி நின்னா அந்த ஆளுக்கு மானம் பூடும்."

"இதை வேற யாராவது பார்த்திருக்காங்களா?"

"நான் பாத்தேன். நான் அவன் ஆத்தா. நான் சொன்னா எடுத்துப்பாங்களா?"

கெசியா எழுந்தார். 

லோகுவின் வண்டி பழைய ஓம்னி வேன். முன்பு மீன் ஏற்றியது. எத்தனை தடவை கழுவினாலும் அது போன வேலையை மறக்கவில்லை. கெசியா கண்ணாடியை இறக்கிவிட்டு, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டார்.

ஹேமநாத்துக்கு ஒரு யூடியூப் சேனல் இருந்தது. 'ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ஓட்டலாமா?' என்று பதினான்கு பகுதிகள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் அதில்தான் போகிறான். ஒரு பகுதியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை வைத்துக் காட்டினான். இன்னொன்றில் துணி காயவைக்கும் ஸ்டாண்ட். எல்லாவற்றின் முடிவிலும் ஒரே வசனம். ஒரு குடும்பத்துக்கு இது போதும்.

"இந்த ஆளு கார் வாங்கல மேடம்," என்றான் லோகு. "காருக்கு வக்கீலா சேர்ந்துகினு கீறான்."

அரிசி மூட்டைப் பகுதியில், ஓரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் காய்கறிப் பை. மூட்டை பக்கத்து சீட்டுக்குப் போனது. கதவு மூடியது. கார் கிளம்பியது. பெண் அங்கேயே நின்றாள்.

"இதுதான் சரிதாவா?" என்றான்.

"ம்."

அவன் ரோட்டைப் பார்த்து வேனை ஓட்டினான்.

மாடம்பாக்கம் ஏரியில் தீயணைப்புத் துறைப் படகு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கரையில் கூட்டம். நேற்று சோதித்தபோது மகேஷின் டாக்ஸி சக்கரத்தில் ஏரி மண் இருந்ததாம். மாடம்பாக்கத்தில் யார் வண்டிச் சக்கரத்தில்தான் ஏரி மண் இல்லை என்று லோகு கேட்டான். கேட்க ஆள் இல்லை.

குடியிருப்பின் வாசலில் ஒரு வேகத்தடை. மற்ற இடமெல்லாம் உயரமாக இருக்க, நடுவில் மட்டும் செதுக்கித் தட்டையாக்கியிருந்தது. அதையும் மீறி அதன்மேல் புதிதும் பழையதுமாகக் கீறல்கள்.

"வயித்தை இழுத்துப் புடிச்சிகினு போற வண்டி," என்றான் லோகு.

கெசியா இறங்கி, குனிந்து, கீறல்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

ஹேமநாத் கதவைத் திறந்தான். முப்பத்தைந்து வயது. நான்கு நாள் தாடி. கண்கள் சிவந்திருந்தன. இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரே ஒரு படம் மாட்டியிருந்தது. காலி மனை ஒன்றில் பூமி பூஜை. சரிதா மஞ்சள் பூசிய செங்கல்லைக் கையில் பிடித்திருந்தாள். பின்னால் அகலமான புதுத் தார் ரோடு, இருபுறமும் மனைக்கல், ஒரு வீடு இல்லை.

"எங்கே இது?" என்றார் கெசியா.

"கூடுவாஞ்சேரி. எங்க மனை. பொங்கலுக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்றதா இருந்தோம். தரைக்கடியில தண்ணித் தொட்டி மட்டும் கட்டியாச்சு." குரல் உடைந்தது. "மேடம், எதுக்கு இந்த டெஸ்ட் எல்லாம்? அவ பெட்டியை நான்தான் டிக்கியில வெச்சேன். என் கையால."

"டாக்ஸி டிரைவர் வேற மாதிரி சொல்றான். அதைச் சரிபார்த்துட்டா எல்லாருக்கும் நல்லது."

"பாருங்க. ஐ ஹேவ் நத்திங் டு ஹைட்."

கார் போர்டிகோவில் நின்றது. அடர் நீலம். முழங்கால் உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே அதன் முகம். கூரை மூடியிருந்தது. துணிக் கூரை இல்லை, தகடு. ஹேமநாத் டிக்கியைத் திறந்தான். உள்ளே குறுக்கே கிடந்த மெல்லிய பலகை ஒன்றைக் கையால் மேலே தள்ளி ஒதுக்கினான். பழகிய கை.

லோகு ஜோடிப் பெட்டியைத் தூக்கிவந்தான். காப்பிக் கொட்டை நிறம், கெட்டியான ஓடு, அடியில் நான்கு சக்கரம். படுக்கவைத்து உள்ளே விட்டான். டங் என்று சத்தம். அடியில் வெறும் தகடு.

"இவ்ளோ வெலை குடுத்தும் கார்ப்பெட் தர மாட்டாங்களா சார்?" என்றான்.

"வாஷ் பண்ணக் கொடுத்திருக்கேன்."

பெட்டி ஒரு விரல் இடம்கூட மிச்சமில்லாமல் உட்கார்ந்தது. ஹேமநாத் மூடியை இறக்கினான். சின்னதாக ஒரு சத்தத்துடன் பூட்டிக்கொண்டது.

 ஹேமநாத்தின் முகத்தில் ஒரு கணம் துக்கம் இல்லை. வீடியோ முடிவில் வரும் முகம் அது. லோகு பார்த்தான். கெசியாவும் பார்த்திருப்பார்.

"போச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "சரியா அளவெடுத்த மாதிரி. மேடம், நான் கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பறேன். நீங்க வேனை எடுங்க."

கெசியா தலையசைத்தார். நன்றி சொன்னார். வாசலுக்கு நடந்தார். லோகு பின்னால் போனான். போலீஸ் ஸ்டேஷன் படியில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருப்பவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். 

கேட்டில் வாட்ச்மேன் ராஜகோபாலன் பதிவு நோட்டை நீட்டினார். அறுபது தாண்டியவர். பகல் இரண்டரை மணிக்கும் தலையில் மங்கி கேப்.

"இன்னா தாத்தா, வெயில்லயே இப்படின்னா காலையில?" என்றான் லோகு, பழக்கதோஷத்தில்.

"மார்கழிப் பனி தம்பி. விடிகாலையில காது அறுந்து விழுது."

கெசியாவின் பேனா நின்றது. "வெள்ளிக்கிழமை காலையில நீங்கதானே டியூட்டி?"

"நான்தாம்மா. போலீஸ்ல எல்லாம் சொல்லிட்டேன். சார் கார் போச்சு. அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. தலையில துப்பட்டா போட்டு, சாஞ்சு தூங்கிட்டிருந்தாங்க."

"பேசினாங்களா?"

"எப்பவும் கையை ஆட்டுவாங்க. அன்னைக்கு இல்லை. நல்ல தூக்கம்."

"அவர் எப்பவும் டாப்பைத் திறந்துதான் ஓட்டுவாரா?"

"வீடியோ எடுக்கிறப்போ மட்டும் திறப்பார். மத்த நேரம் மூடித்தான். தூசி வரும்னு. அன்னைக்குத் திறந்திருந்தது. கேட்டுகிட்ட நிறுத்தி, 'அம்மாவை ஸ்டேஷன்ல விட்டுட்டு வரேன் ராஜகோபாலன்'னு சொன்னார். அதுவும் புதுசுதான். வழக்கமா பேச மாட்டார்."

கெசியா நோட்டை மூடினார். லோகு வேன் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பனியில மண்டையைத் திறந்து போட்டுகினு," என்றான். "அந்தத் தகட்டை என்னா மேடம் பண்ணுவான்? மடிச்சு பாக்கெட்ல வெச்சிக்குவானா?"

கெசியா திரும்பி அவனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததுபோல் இருந்தது.

"இன்னா மேடம்? நான் சும்மா..."

"வேன் இருக்கட்டும்," என்றார். ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தார். ஹேமநாத் போர்டிகோவில் நின்று வழியனுப்பிக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் கெசியா. "பெட்டி இன்னும் டிக்கியில இருக்கா?"

"இருக்கு," என்றான் ஹேமநாத். "ஏன்?"

"அப்படியே இருக்கட்டும். டாப்பைத் திறங்க."

ஒரு அணில் மதில்மேல் ஓடியது. லோகு அதைப் பார்த்தது, ஹேமநாத்தின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான்.

"ரூஃப்ல கம்ப்ளைண்ட் இருக்கு மேடம். மோட்டார் ப்ராப்ளம். சர்வீஸுக்கு விடணும்."

"வெள்ளிக்கிழமை வேலை செஞ்சுது," என்றார் கெசியா. "கேமராவுல இருக்கு."

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து காலை எடுத்தார். "திறங்க சார். பார்ப்போம்."

ஹேமநாத் காரில் உட்கார்ந்தான். பட்டனை அழுத்தினான். வண்டி மூன்று தடவை பீப் என்றது. கூரை அசையவில்லை.

"சொன்னேன்ல," என்றான்.

"லோகு, பெட்டியை எடு."

லோகு பெட்டியை வெளியே எடுத்துத் தரையில் வைத்தான். கெசியா குனிந்து, ஹேமநாத் மேலே தள்ளி ஒதுக்கிய பலகையைக் கீழே இழுத்து அதன் இடத்தில் மாட்டினார். டிக்கியை மூடினார்.

"இப்போ அழுத்துங்க."

ஹேமநாத் அழுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் கதவு வழியாகக் கையை விட்டுத் தானே அழுத்தினார்.

மெதுவான மோட்டார் சத்தம். டிக்கி மூடி பின்பக்கமாக வாயைப் பிளந்தது. கூரை எழுந்தது, நடுவில் இரண்டாக மடிந்தது, பின்னால் சரிந்து டிக்கிக்குள் இறங்கியது. மூடி சாத்திக்கொண்டது. இருபது விநாடி ஆகியிருக்கும். அதன்பின் கார் திறந்து கிடந்தது, கேமராவில் இருந்ததுபோலவே.

"கூரைக்குப் போக வேற இடம் இல்லை சார்," என்றார் கெசியா. "டிக்கிக்குள்ளதான் போகணும். அந்தப் பலகைக்கு மேல கூரை, கீழ சாமான். பலகையை இறக்கலைன்னா கூரை திறக்காது. இறக்கினா..." டிக்கியைத் திறந்தார். மடிந்த தகட்டுக்குக் கீழே ஒரு சந்து. ஒரு முறம் போகலாம். "லோகு."

லோகு பெட்டியைத் தூக்கி வைத்துப் பார்த்தான். படுக்கவைத்துப் பார்த்தான். நிமிர்த்திப் பார்த்தான். பாதிகூடப் போகவில்லை. 

"கூரை திறந்திருந்தா டிக்கியில பெட்டி இல்லை. பெட்டி இருந்திருந்தா கூரை திறந்திருக்காது. கேட்டைத் தாண்டும்போது கூரை திறந்திருந்தது."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் டிக்கியைப் பார்த்தார். பிறகு ஹேமநாத்தை.

"அவ... அவ கால்கிட்ட வெச்சிருந்தா," என்றான் ஹேமநாத். "இப்பதான் ஞாபகம் வருது. மடியில."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து, கேட் கேமரா வீடியோவை ஓடவிட்டு நிறுத்தினார். லோகு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கேட் விளக்கின் வெளிச்சம் மேலிருந்து நேராக விழுந்திருந்தது. தலையில் துப்பட்டா. குறுக்கே சீட் பெல்ட். மடியில் பெட்டி இல்லை. இரண்டு கைகள் இருந்தன. ஒரு கை மல்லாந்து, விரல்கள் லேசாக மடங்கி, யாரோ எடுத்துவைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

"தண்ணி கேனுக்கும் பெல்ட் போடுவீங்க இல்லையா ஹேமநாத்?" என்றார் கெசியா. குரலை உயர்த்தவில்லை. "இல்லைன்னா வண்டி கத்தும்."

ஹேமநாத் காரைவிட்டு இறங்கி, போர்டிகோ படியில் உட்கார்ந்தான்.

"அவ உயிரோட உங்ககூடப் போனதா யாராவது பார்க்கணும்னுதான் கூரையைத் திறந்தீங்க. வாட்ச்மேன்கிட்ட நின்னு பேசினீங்க. பெட்டி ஏற்கெனவே பின்கேட் வழியா டாக்ஸியில போயிருந்தது. அந்த டாக்ஸிக்காரன் உங்களுக்கு வசதியாப் போயிட்டான். நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கணும். பெட்டியை என் கார்ல ஏத்தறதில்லை, டாக்ஸியிலதான் போச்சுன்னு. சொல்லியிருந்தா இன்னைக்கு இங்கே யாரும் வந்திருக்க மாட்டாங்க. பதினாலு வீடியோவுக்கு அப்புறம் அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலை."

"சர்டிபிகேட்டை எடுத்துட்டா," என்றான் ஹேமநாத், தரையைப் பார்த்து. "திருச்சியில ஸ்கூல்ல வேலை கிடைச்சிருக்குன்னா. திரும்ப வரமாட்டேன்னு காலையிலதான் சொன்னா. ஷூ போட்டுக்கிட்டே சொன்னா."

"எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மீண்டும் கேட்டார். ஹேமநாத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏரியில தேட வேண்டாம் சார்," என்றார் கெசியா. "இந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவுல நாலு விரல்தான் இடம். வாசல்ல இருக்கிற வேகத்தடையையே தாண்ட முடியாம உரசுது. ஏரிக்கரை மண்ல இறங்கினா நின்னுடும். நல்ல தார் ரோடு வேணும். ஆனா ஆள் இருக்கக் கூடாது." ஹாலுக்குள் பார்த்தார். சுவரில் செங்கல் பிடித்த சரிதா. "தண்ணித் தொட்டி கட்டியாச்சுன்னு அவரே சொன்னார்."

இன்ஸ்பெக்டர் போனோடு மதில் ஓரமாக நகர்ந்தார். கூடுவாஞ்சேரி என்ற சொல் மட்டும் கேட்டது.

லோகு டிக்கிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். வெறும் தகடு பளபளவென்றிருந்தது. கேட்டைத் தாண்டி இருட்டு வந்ததும் ஹேமநாத் கூரையை மூடியிருப்பான். மூடினால் டிக்கியில் அவளுக்கு இடம் வந்துவிடும். கார்ப்பெட் எதற்காகக் கழுவப் போனது என்று லோகுவுக்கு இப்போது புரிந்தது.

நாலே முக்காலுக்கு, போலீஸ் ஸ்டேஷனில், கூடுவாஞ்சேரியிலிருந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் வந்தது. கேட்டார். "சரி," என்றார். வைத்தார். கெசியாவைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். பிறகு எழுந்துபோய், சுவரிலிருந்த சரிதாவின் படத்தைக் கிழியாமல் மெதுவாக உரித்தார்.

மகேஷை வெளியே விட ஆறு மணி ஆயிற்று. இருபத்தாறு வயது. ஒரு கண் வீங்கியிருந்தது. முத்தாலம்மாள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வாடா. வூட்டுக்குப் போலாம்."

அவன் நகரவில்லை. கெசியாவிடம் கேட்டான். "நெசந்தானா மேடம்? அந்தக்கா?"

"ஆமாம்ப்பா."

"நான் ஸ்டேஷன்ல ஏழு மணி வரைக்கும் நின்னேன் மேடம். ட்ரெயின் போயிடுச்சு. போன் சுச்சாஃப். அப்புறம் மத்தியானம் பின்னாடி கேட்டாண்ட போனேன். பூட்டிக் கெடந்துச்சு. சரி, அக்கா கூப்புடும்னு பெட்டிய டிக்கியிலயே வெச்சிருந்தேன்."

"நீ தப்பு பண்ணலை," என்றார் கெசியா.

"பெட்டி அன்னிக்கு ரொம்ப கனம். தூக்கி உள்ள வெச்சிட்டு டிக்கிய சாத்தினேன். அக்கா அங்கயே நின்னுகினு இருந்துச்சு. 'நானும் இதுலயே வந்துரட்டுமா மகேஷு'ன்னு கேட்டுச்சு."

முத்தாலம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"நீ என்ன சொன்னே?" என்றார் கெசியா.

"சார் கோச்சிக்குவாரு, நீங்க அதுலயே வாங்கக்கான்னேன்." அவன் வீங்காத கண்ணைத் துடைத்தான். "பின்னாடி சீட்டு மொத்தமும் காலி மேடம்."

லோகு ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதுபோல் இருந்தது. அவன் வேனின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தான். உள்ளே ஏழு பேர் உட்கார இடம் இருந்தது.